புலிக் கணக்கெடுப்பில் களப்பணியாளர் செய்யும் வேலை என்ன?

கேள்வி: விலங்கியலில் இளநிலைப் பட்டம் முடித்திருக்கிறேன். ஒரு புலிகள் காப்பகத்தில் தானியங்கி கேமரா வைக்கும் பணிக்கு மூன்று மாத ஒப்பந்தத்தில் களப்பணியாளராக அழைத்திருக்கிறார்கள். அங்கே என்னதான் வேலை இருக்கும்? எங்கெல்லாம் தவறு நடக்கும்?

பதில்:

மூன்று மாதத்தில் ஒரு புலியைக்கூட நேரில் பார்க்காமல் திரும்பக்கூடும் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் எதிர்பார்ப்பது ஒவ்வொரு படத்துக்கும் மூன்று விவரம்: எந்த இடம், எந்த நேரம், அன்று அந்தக் கேமரா வேலை செய்ததா இல்லையா. படம் எவ்வளவு அழகாக விழுந்திருந்தாலும் இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றால் கணக்குக்கு உதவாது. அலுவலகத்தில் உட்கார்ந்து அதைச் சரிசெய்யவும் முடியாது. களத்தில் அந்த நிமிடத்தில் எழுதியிருந்தால் உண்டு.

முன்பெல்லாம் கால்தடத்தைக் கண்ணாடியில் வரைந்தும் பாரிஸ் சாந்தில் அச்செடுத்தும் புலியை எண்ணினார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது 2005-இல் வெளியான பிறகு அந்த முறை கைவிடப்பட்டது. 2006 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனமும் மாநில வனத்துறைகளோடு சேர்ந்து புதிய முறையில் கணக்கெடுக்கின்றன. 2018 சுற்றில் நாடு முழுக்க 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். சுமார் 3.49 கோடி படங்கள் வந்தன. அவற்றில் புலி இருந்தவை 76,651. ஏறத்தாழ 450 படத்துக்கு ஒன்று. மீதியெல்லாம் மான், யானை, காட்டு மாடு, முள்ளம்பன்றி, காற்றில் ஆடும் புல். பெரிய சுற்று இல்லாத ஆண்டுகளிலும் காப்பகங்கள் தங்கள் அளவில் இதே வேலையைச் செய்கின்றன. உங்களைக் கூப்பிட்டிருப்பது பெரும்பாலும் அதற்காகத்தான் இருக்கும்.

ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது. அதே புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும்கூட வேறு வேறு. ஒரு பக்கம் மட்டும் படம் எடுத்தால், இடப்பக்கம் காட்டிய புலியும் வலப்பக்கம் காட்டிய புலியும் ஒன்றா இரண்டா என்று சொல்ல முடியாது. அதனால்தான் பாதையின் இரு பக்கமும் எதிரெதிராக இரண்டு கேமரா. ஜோடியில் ஒன்று கெட்டால் பாதி வேலை மிச்சம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இடத்தில் அடையாளம் காணும் வேலை முழுவதும் தொங்கலில் நிற்கும்.

இனி இடம் தேர்வு. காட்டை 2 சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து வரைபடம் தருவார்கள். கட்டத்துக்கு ஒரு ஜோடி. புதிதாக வருபவர்கள் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டு கட்டத்தின் நட்டநடுவுக்குப் போய் உன்னி என்னும் முள்செடிப் புதருக்குள் கேமராவைக் கட்டிவிடுவார்கள். நடு மையம் யாருக்கும் வேண்டாம். கட்டத்துக்குள் புலி நடக்க அதிக வாய்ப்புள்ள இடம் எது என்பதுதான் கேள்வி. புலி சோம்பேறி நடைக்காரன். முள்ளுக்குள் நுழைவதைவிட ஜீப் பாதை, தீத்தடுப்புக் கோடு, மணல் படிந்த ஓடைப் படுகை, மலை முகட்டில் போகும் ஒற்றையடிப் பாதை இவற்றையே விரும்பும். இரண்டு பாதை கூடும் இடம் கிடைத்தால் அதை விடாதீர்கள். கேமரா கட்டுவதற்கு முன்பே கட்டம் கட்டமாக நடந்து கால்தடம், எச்சம், தரையைப் பின்னங்காலால் பிராண்டிய தடம், மரத்தில் நகக்கீறல் எல்லாவற்றையும் பதிவுசெய்து, அதை வைத்துத்தான் இடத்தை முடிவுசெய்ய வேண்டும். பூனை இனத்தின் தடத்தில் பொதுவாக நகம் பதியாது. செந்நாய்க்கும் கழுதைப்புலிக்கும் பதியும். அந்த அளவுக்காவது தெரிந்துகொண்டு போங்கள். சிறுத்தைத் தடமா குட்டிப்புலித் தடமா என்ற சந்தேகத்தை உடன் வரும் வேட்டைத் தடுப்புக் காவலரிடம் விட்டுவிடுங்கள்.

முதுமலையில் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர், ஆனைமலையில் காடர், மலசர், முண்டந்துறையில் காணிக்காரர் என்று அந்தந்தக் காட்டு மக்களே இந்தக் காவலர்களில் பலர். ‘அண்ணா, இங்க புலி எந்தப் பக்கமா இறங்கும்?’ என்று கேட்டால், உங்கள் வரைபடம் சொல்லாததை அவர் சொல்வார். அவர் சொன்ன இடத்தில் வைத்துப் படம் விழுந்தால், அந்தப் படத்தை அடுத்த முறை அவருக்குக் காட்டுங்கள்.

கேமரா கட்டுவதில் அளவுகள் முக்கியம். பாதையின் நடுவிலிருந்து ஒவ்வொரு கேமராவும் மூன்றிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மிக அருகில் இருந்தால் வயிறும் தொடையும் மட்டும் விழும், வெளிச்சம் அதிகமாகி வரி வெளுத்துப்போகும். தூரம் அதிகமானால் உணர்வி (சென்சார்) புலியை உணராது, இரவில் ஃபிளாஷ் எட்டாது. உயரம் தரையிலிருந்து 40 முதல் 45 சென்டிமீட்டர், அதாவது முழங்கால் அளவு. இதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கும்: கேமரா நிற்கும் தரை பாதையைவிட மேடாக இருக்கும், மரத்தடியிலிருந்து 40 சென்டிமீட்டர் அளந்து கட்டிவிடுவார்கள், புலி கேமராவுக்குக் கீழே நடந்து போய்விடும். அளவைப் பாதையின் மட்டத்திலிருந்து எடுங்கள். இரண்டு கேமராவும் நூல் பிடித்தாற்போல் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் லென்ஸில் அடித்துப் படம் வெளுக்கும். ஒன்றைக் கொஞ்சம் முன்பின் நகர்த்தி வையுங்கள். கிழக்கு மேற்காக நோக்கவிட்டால் காலை மாலை வெயில் நேராக லென்ஸில் விழும். கேமராக்கள் வடக்கு தெற்காக நோக்கும்படி, முடிந்தவரை கிழக்கு மேற்காக ஓடும் பாதைத் துண்டைத் தேடுங்கள்.

உணர்வி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் பாதித் தொல்லை குறையும். சுற்றுப்புறத்தைவிட வேறுபட்ட வெப்பமுள்ள ஒன்று நகர்ந்தால் அது தூண்டப்படும். வெயிலில் காய்ந்த புல் காற்றில் ஆடினாலும் அதற்கு விலங்குதான். ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் வெற்றுப் படம் எடுத்து, பேட்டரியையும் மெமரி கார்டையும் தீர்த்துவிடும். ஆகவே கேமராவுக்கு முன்னால் பாதை வரை உள்ள புல்லையும் செடியையும் தரையோடு வெட்டுங்கள். தலைக்கு மேல் தொங்கும் கிளையையும் பாருங்கள். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. கடும் கோடைப் பகலில் காற்றின் வெப்பமும் விலங்கின் உடல் வெப்பமும் நெருங்கிவிடுவதால் உணர்வி மந்தமாகும். அதற்கு நீங்கள் செய்யக்கூடியது அதிகம் இல்லை. நிழலான இடத்தைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

கட்டி முடித்ததும் பாதையின் நடுவில் கை கால் ஊன்றித் தவழ்ந்து பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், எல்லோரும் செய்வதுதான். நிமிர்ந்து நடந்து சோதித்தால் மனித உயரத்துக்குத்தான் கேமரா சரியாக இருக்கிறது என்று தெரியும். இரு பக்கமிருந்தும் தவழ்ந்து, படத்தில் உடலின் பக்கவாட்டு முழுவதும் விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் அந்த இடத்தை விட்டு நகர வேண்டும்.

இந்த வேலையில் மிகப் பெரிய இழப்பு வருவது கடிகாரத்தில். பல கேமராக்கள் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலிலும் நாளை அடுத்தும் காட்டும். 05/03 என்பதை மார்ச் 5 என்று நினைத்து மே 3-ஐ வைத்துவிடுவார்கள். முற்பகல் பிற்பகல் குழப்பம் இன்னொன்று; 24 மணி நேர முறைக்கு மாற்றும் வசதி இருந்தால் மாற்றிவிடுங்கள். சில மாடல்களில் பேட்டரியைக் கழற்றிச் சிறிது நேரம் வைத்தாலே கடிகாரம் ஆரம்ப தேதிக்குப் போய்விடும். எனவே பேட்டரி மாற்றிய ஒவ்வொரு முறையும் தேதியைப் பாருங்கள். இரண்டு கேமராவின் கடிகாரமும் ஜிபிஎஸ் காட்டும் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். அப்போதுதான் இடப்பக்கப் படத்தையும் வலப்பக்கப் படத்தையும் ஒரே புலி என்று கோக்க முடியும்.

கடிகாரம் தவறாக இருப்பதைப் பாதியில் கண்டுபிடித்தால் உடனே திருத்திவிடாதீர்கள். கேமரா என்ன நேரம் காட்டுகிறது, உண்மையான நேரம் என்ன என்று இரண்டையும் நோட்டில் எழுதி, ஜிபிஎஸ் திரையைக் கேமராவுக்கு முன் பிடித்து ஒரு படம் விழச் செய்து, அதன் பிறகு திருத்துங்கள். அந்த வேறுபாடு தெரிந்தால் அதுவரை எடுத்த எல்லாப் படங்களின் நேரத்தையும் பின்னால் மீட்கலாம். சத்தமில்லாமல் திருத்திவிட்டால் பழைய படங்கள் போனதுதான்.

ஒவ்வொரு கேமராவிலும் முதல் படமும் கடைசிப் படமும் ஒரு சிறு பலகையாக இருக்க வேண்டும்: இட எண், கேமரா எண், தேதி, நேரம். பிற்பாடு கார்டின் மேல் ஒட்டிய சீட்டு கிழிந்துபோனாலும் அந்தப் பலகைப் படம் காப்பாற்றும். ஜோடியில் எது ‘அ’, எது ‘ஆ’ என்பதற்கும் ஒரே விதி வைத்துக்கொள்ளுங்கள், உதாரணமாக வடக்குப் பக்கம் இருப்பது எப்போதும் ‘அ’. சரிபார்க்கப் போகும்போது இரண்டையும் மாற்றிக் கட்டிவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

ஜிபிஎஸ் எண்ணை எழுதும் முறையில் கவனம் தேவை. 11 பாகை (டிகிரி) 30 கலை (மினிட்) என்பது தசமத்தில் 11.50. அதை 11.30 என்று எழுதினால் புள்ளி 22 கிலோமீட்டர் தெற்கே போய்விழும், அது அடுத்த வனச்சரகமாகவோ ஒரு ஊராகவோ இருக்கும். குழு முழுவதும் தசமப் பாகை, டபிள்யூஜிஎஸ் 84 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் ஆயத்தொலை முறை) என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சாமான் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 40 இடம் என்றால் 80 கேமரா. ஒரு கேமராவுக்கு 8 பென்சில் பேட்டரி என்றால் முதல் சுற்றுக்கே 640. கார்டு ஒரு கேமராவுக்கு இரண்டு, ஒன்று உள்ளே, ஒன்று மாற்றுக்கு: 160. பழைய பேட்டரியையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். பலவீனமான ஒன்று மற்றவற்றையும் இழுத்துவிடும், கசிந்து தகட்டை அரிக்கும். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்தான் தரும்; சில கேமராக்கள் அதைத் தீர்ந்துபோன பேட்டரி என்று எண்ணி நின்றுவிடும். வாங்குவதற்கு முன் அந்த மாடலில் ஓர் இரவு போட்டுச் சோதியுங்கள். கார்டை மடிக்கணினியில் இல்லாமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்வது பாதுகாப்பானது.

கேமரா குறைந்தது 25 நாள் நிற்கும். இடையில் நாலைந்து நாளைக்கு ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். அங்கே என்னென்ன காத்திருக்கும் என்றால்: பேட்டரி அறைக்குள் எறும்பு முட்டையிட்டிருக்கும், உணர்வியின் மேல் சிலந்தி வலை கட்டியிருக்கும், சோலைக்காட்டில் லென்ஸ் உள்ளே பனி பூத்திருக்கும். யானை கேமராவைப் பிடுங்கி மிதித்திருக்கும், அல்லது தும்பிக்கையால் தள்ளி வானத்தைப் பார்க்க வைத்திருக்கும். இரும்புக் கூண்டும் சங்கிலியும் திருட்டுக்குத் தடை, யானைக்கு அவ்வளவாக இல்லை. உடைந்த கேமராவிலும் கார்டு பெரும்பாலும் பிழைத்திருக்கும், சுற்றிலும் தேடுங்கள். ரப்பர் வளையத்தைத் துடைத்து, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடுங்கள். மரத்தில் ஆணி அடிக்க வேண்டாம். பட்டையோ கயிறோ போதும்.

கேமரா செத்துக் கிடந்த நாளை மறைக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். வேலை செய்த கேமராவில் புலி விழவில்லை என்றால் அது ஒரு தகவல். கேமரா வேலை செய்யவில்லை என்றால் அது தகவலே இல்லை. 40 இடம், 25 இரவு, ஆக 1,000 கேமரா இரவு என்று எழுதிவிட்டு அதில் 200 இரவு பேட்டரி தீர்ந்து கிடந்திருந்தால், ஒரு புலி படத்தில் சிக்கும் வாய்ப்பு உண்மையைவிடக் குறைவாகக் கணக்காகும். அதை வைத்துப் போடும் புலி எண்ணிக்கையும் பிசகக்கூடும். திட்டு வாங்க பயந்து ஒருவர் எழுதாமல் விட்ட சில நாட்கள் முழுக் கணக்கையும் கெடுக்கக்கூடும். கடைசிப் படத்தின் தேதியைப் பார்த்து, எந்த நாள் முதல் எந்த நாள் வரை வேலை செய்யவில்லை என்று கண்டு, வேலை செய்த நாளுக்கு ஒன்று, செய்யாத நாளுக்குச் சுழியம் என அட்டவணையில் நேர்மையாக நிரப்புங்கள்.

கார்டிலிருந்து கணினிக்கு நகலெடுங்கள், வெட்டி ஒட்டாதீர்கள். இடம், கேமரா, தேதி என்று கோப்புறை வரிசை. இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, இரண்டிலும் கோப்பு எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கார்டை அழிக்கலாம். வெற்றுப் படம்தானே என்று எதையும் நீக்க வேண்டாம், கேமரா உயிரோடு இருந்ததற்கு அதுதான் சாட்சி. மூலப் படத்தை எடிட்டிங் மென்பொருளில் திறந்து சேமித்தால் உள்ளே பதிந்த தேதி நேர விவரம் அழியக்கூடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அப்படித்தான். அனுப்பவும் கூடாது: எந்த ஓடையில் எந்தப் புலி நடக்கிறது என்பது வேட்டைக்காரனுக்குத் தேவைப்படும் முகவரி. விறகு எடுக்கவோ தேன் எடுக்கவோ வந்தவர்களின் படங்களும் விழும். அவற்றைப் பொறுப்பாளரைத் தவிர யாரிடமும் காட்டாதீர்கள். ஒரு பெண் காட்டுக்குள் தனியாக இருந்த படம் கைமாறிப் போவது அவருக்குப் பெரும் தீங்கு.

இரை விலங்குகளை எண்ண நேர்கோட்டுப் பாதையிலும் நடக்கச் சொல்வார்கள். வழக்கமாக 2 கிலோமீட்டர், விடிந்தவுடன், பேசாமல், மெதுவாக. மான் கூட்டத்தைப் பார்த்ததும் எத்தனை என்று எண்ணுவதோடு, கூட்டத்தின் நடுவுக்கு எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று தூரமானியிலும் திசைகாட்டியிலும் எடுக்க வேண்டும். பாதை 70 பாகையில் போகிறது, கூட்டம் 115 பாகையில் 40 மீட்டரில் நிற்கிறது என்றால் கோணம் 45. பாதையிலிருந்து செங்குத்துத் தூரம் சுமார் 28 மீட்டர். இந்த 28-ஐ வைத்துத்தான் அடர்த்தி கணக்கிடுகிறார்கள். கண்மதிப்பில் 50 என்று எழுதினால் அது 35 ஆகி முடிவு சரியும். தூரமானியின் ஒளி இடையில் உள்ள சுள்ளியில் பட்டுக் குறைத்துக் காட்டும். விலங்கின் பக்கத்தில் உள்ள தடித்த மரத்தைக் குறிவையுங்கள். மான் ஓடிவிட்டால், ஓடிப்போய் நின்ற இடத்துக்கு அளக்காதீர்கள், முதலில் பார்த்த இடத்துக்கு அளங்கள். பாதையின் மேலேயே நிற்கும் விலங்கைத் தவறவிடக் கூடாது என்பதுதான் இம்முறையின் அடிப்படை. பக்கவாட்டில் தூரத்தில் துழாவிக்கொண்டு எதிரில் நிற்பதை விட்டுவிடாதீர்கள்.

உயிர்ப் பாதுகாப்புக்கு வருவோம். காட்டில் உங்களுக்கு ஆபத்து பெரும்பாலும் புலியால் வராது. யானை, கரடி, தனித்து நிற்கும் காட்டு மாடு இவற்றால் வரும். முன்னால் காவலர் போகட்டும், அவர் நின்றால் நில்லுங்கள், திரும்பு என்றால் ஏன் என்று கேட்காமல் திரும்புங்கள். ஆவி பறக்கும் லத்தி (யானைச் சாணம்), மூங்கில் முறியும் சத்தம், வயிறு உறுமும் சத்தம் எல்லாம் யானை அருகில் என்பதற்கு அடையாளம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று ஒரு பிடி புழுதியை உதிர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டு நடைக்கு மௌனம் விதி. கேமரா பார்க்கப் போகும் நடைக்கு அது விதியல்ல. கண் மறைக்கும் புதரையும் பாறை இடுக்கையும் நெருங்கும்போது கொஞ்சம் பேசிக்கொண்டு, கைதட்டிக்கொண்டு போனால் கரடி தானே விலகிவிடும். திடுக்கிட்ட கரடிதான் பாயும்.

உண்ணியையும் சிற்றுண்ணியையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிற்றுண்ணி கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கும், ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் வந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். காட்டில் வேலை பார்த்தேன் என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். சொன்னால் எளிதாகக் குணமாகும், சொல்லாவிட்டால் வேறு காய்ச்சல் என்று நாள் கடந்து உயிருக்கே வினையாகும். செத்துக் கிடக்கும் குரங்கைத் தொடாமல் வனக்காப்பாளருக்குத் தகவல் கொடுங்கள், குரங்குக் காய்ச்சல் உண்ணியால் பரவுகிறது. பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது எது, முகாமிலிருந்து எத்தனை மணி நேரம் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த கொம்பு, முள்ளம்பன்றி முள் எதையும் பைக்குள் போட வேண்டாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நினைவுப் பொருளுக்குத் தனிச் சலுகை தருவதில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் விபத்துக் காப்பீடு உண்டா, மருத்துவச் செலவு யாருடையது, காலணியும் அட்டைப்பூச்சி ஏறாமல் தடுக்கும் காலுறையும் தருவார்களா, உடைந்த கேமராவுக்கு உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். யானை உடைத்ததற்குக் களப்பணியாளர் காசு கட்டுவது நியாயமில்லை.

சேர இன்னும் நாள் இருந்தால், யாரிடமாவது ஒரு கேமராவை இரவல் வாங்கி வீட்டுக் கொல்லையிலோ தெருமுனையிலோ நாய் நடக்கும் வழியில் மூன்று இரவு கட்டிப் பாருங்கள். தெருமுனை என்றால் பக்கத்து வீட்டாரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். நாயின் இரு பக்கமும் தலை முதல் வால் வரை விழ எத்தனை முறை உயரத்தை மாற்ற வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். பகலில் திசைகாட்டியோடு ஒரு நேர்த் தெருவில் நடந்து, பக்கத்தில் நிற்கும் ஆடுகளுக்குத் தூரமும் கோணமும் எடுத்து, பிறகு நாடாவால் அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் 2 மீட்டருக்குள் வரும்வரை திரும்பச் செய்யுங்கள்.